ஏதென்ஸுக்கு டிப்ஸ் கேட்டு என் வீட்டுக்கு வராதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வண்டியை எடுக்கப் போனேன். கோவிலம்பாக்கத்திலிருந்து எங்கள் சபைக்கு வரும் ஒரு தம்பதி வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். "பிரதர், சபை டூர்ல அடுத்த பேட்ச்ல நாங்க கிளம்புறோம். ஏதென்ஸ் பத்தி கொஞ்சம் டிப்ஸ் குடுங்க" என்றார் அவர். அந்த அம்மா கைப்பையிலிருந்து பேனாவே எடுத்துவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்ல கிரிப் இருக்கிற ஷூ போடுங்க, பளிங்குக் கல்லு வழுக்கும். தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க. காலையில சீக்கிரமே மலை ஏறிடுங்க, பதினோரு மணிக்கு மேல வெயில் மண்டையைப் பொளக்கும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தேன். "ஏர்போர்ட்ல ஊறுகாய் விடுவாங்களா பிரதர்" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். நான் திரும்பவில்லை.

திரும்பியிருந்தால் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. இந்தத் தாம்பரம் வட்டாரத்தில் யாராவது வெளிநாடு போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், ஊரே டிப்ஸ் சொல்ல வந்துவிடும். மறைமலைநகரைத் தாண்டாதவர்கூட பாஸ்போர்ட்டை எங்கே ஒளித்து வைப்பது என்று பாடம் எடுப்பார். நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் வைத்தோம். ஜெபம் பத்து நிமிஷம், டிப்ஸ் ஒன்றரை மணி நேரம். மெட்ரோ ரயிலில் பையை முன்பக்கம் மாட்டு. புளிக்காய்ச்சலை இரண்டு கவர் போட்டுக் கட்டு. ஹோட்டல் ரூமில் ரைஸ் குக்கர் வைத்தால் அலாரம் அடிக்கும், அதனால் பாத்ரூமில் வை. இதெல்லாம் எங்களுக்குக் கிடைத்த ஞானம்.

இத்தனை பேரில் ஒருவர்கூட என் மனைவியின் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அதே கூட்டத்தில், கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, எல்லாருக்கும் கேசரி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் சமூக அறிவியல் நடத்தியவள். சபையில் மற்றவர்களுக்கு ஏதென்ஸ் என்றால் பைபிளில் வருகிற அத்தேனே பட்டணம், அப்போஸ்தலர் நின்று பிரசங்கித்த பாறை இருக்கிற இடம். இவளுக்கும் அது உண்டு. ஆனால் இவளுக்கு அந்தப் பாறைக்கு மேலே, மலை உச்சியில் நிற்கிற பளிங்குக் கோயில்தான் குறி. வருஷா வருஷம் கரும்பலகையில் அதைத் தூண் தூணாக வரைந்திருக்கிறாள். அதன் அடித்தளப் படிகள் பார்க்க நேர்க்கோடு மாதிரி தெரியுமாம், ஆனால் நிஜத்தில் நடுவில் லேசாக மேடாகக் கட்டியிருக்கிறார்களாம். நேராகக் கட்டினால் கண்ணுக்குத் தொய்ந்து தெரியும் என்று அந்தக் காலத்துக் கொத்தனார்கள் கண்டுபிடித்த வித்தை. இதைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு வகுப்பிலும், "அப்படித்தான் சொல்றாங்க பிள்ளைங்களா, நான் பாத்ததில்ல" என்று முடிப்பாள். பார்க்காததைப் பார்த்தது போலச் சொல்லக் கூடாது என்பது அவள் கொள்கை. நான் கிண்டல் செய்வேன். "ஏம்மா, உன்னை யாரு கிரீஸுக்குப் போயா செக் பண்ணப் போறாங்க" என்பேன். "நான் செக் பண்ணுவேன்ல" என்பாள்.

அதனால்தான் வந்தாள். மூலையில் குனிந்து, படி ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்த மேடு தெரியும் என்று எங்கோ படித்திருந்தாள். அதை ஒரு தடவை தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கடைக்குப் போக வேண்டும், கப்பலில் ஏற வேண்டும் என்று ஒன்றும் கேட்கவில்லை.

முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று டாக்டர் சொல்லி வருஷமாகிறது. மலை ஏற முடியாது என்று அவளுக்கே தெரியும். போனிலேயே தேடித் தேடி, நடக்க முடியாதவர்களுக்காக அந்த மலையின் இன்னொரு பக்கத்தில் ஒரு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் கூட்டிப் போவார்கள் என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த அன்றைக்குத்தான் "சரிங்க, பேர் குடுத்துடலாம்" என்று என்னிடம் சொன்னாள். டூர் ஃபார்மில் 'நடப்பதற்கு உதவி தேவையா' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'ஆம்' என்று போட்டு, பக்கத்திலேயே 'மலைக்கு லிஃப்ட்' என்று அவளுடைய குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்.

அந்த ஃபார்மைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

சேலையூரில் இருக்கிறார் எங்கள் டூர் ஒருங்கிணைப்பாளர். ரிட்டையர் ஆனவர், ஏற்கெனவே இரண்டு டூர் கூட்டிப் போனவர், அந்தத் தோரணையிலேயே உட்காருவார். ஃபார்மைப் பார்த்ததும் நாக்கைச் சப்புக்கொட்டினார். "என்ன பிரதர் இது. உடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை இருந்தாலும் விசா குடுக்க மாட்டான். ஒருத்தருக்கு ரிஜெக்ட் ஆச்சுன்னா குரூப்புக்கே பேஜார். அங்க போய்ப் பாத்துக்கலாம், இல்லன்னு போடுங்க" என்று புது ஃபார்ம் ஒன்றை நீட்டினார்.

அது விசா ஃபார்ம்கூட இல்லை. டூர் ஆபீஸ் தன் வசதிக்கு வாங்கி வைத்துக்கொள்கிற தாள். முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் ஃபார்ம்களுக்கு நடுவிலேயே குப்பை கொட்டியவன் நான். தப்பாக நிரப்பிக் கொண்டு வந்தவனை ஜன்னல் வழியாகவே விரட்டியிருக்கிறேன். மேலே அச்சடித்திருப்பது என்ன என்று படித்துப் பார்த்தேனா? இல்லை. விசா என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து, அவர் மேஜையிலேயே உட்கார்ந்து, அவள் பேரை எழுதி, 'இல்லை' என்று போட்டு, அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். அவள் எழுதியதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, கேம்ப் ரோட்டில் டீக்கடைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். "குடுத்துட்டீங்களா" என்று கேட்டாள். குடுத்துட்டேன் என்றேன். அங்கே போய் யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன், பிறகு யூரோ மாற்றுவதிலும் பெட்டி எடை போடுவதிலும் மறந்தே போனேன்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் அதே மனுஷன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு டிப்ஸ் போட்டார். 'ஏர்போர்ட்டில் எல்லோரும் வீல்சேர் கேட்டு விடுங்கள். கியூவில் நிற்க வேண்டாம். நேராகக் கூட்டிப் போய் உட்கார வைப்பார்கள். ஸ்தோத்திரம்.' கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். இருபத்து நாலு பேரில் பதினோரு பேர் வீல்சேர் கேட்டார்கள். அதில் ஒருவர் தினமும் காலையில் ஷட்டில் ஆடுகிறவர். இன்னொரு அம்மா, சேலையூர் ஏரியைச் சுற்றி வேக நடை நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஃபார்மில் உடம்பைக் காட்டாதே என்று சொன்ன வாய்தான் ஏர்போர்ட்டில் நொண்டி மாதிரி உட்காரு என்றும் சொன்னது. ஒருத்தருக்கும் உறுத்தவில்லை.

நானும் கேட்டிருக்க வேண்டும். 'இல்லை' என்று எழுதியவன் இப்போது கேட்டால் ஏதாவது இடிக்குமோ என்று மறுபடியும் பயம். என் மனைவி கேட்கவில்லை, அதற்குக் காரணம் வேறு. "மலைக்குத்தான் ஏற்பாடு பண்ணியாச்சே. இங்க நான் மெதுவா நடந்துக்குறேன். நடக்கவே முடியாதவங்க யாராவது வருவாங்க, அவங்களுக்கு ஆகட்டும்" என்றாள்.

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் எங்கள் ஆட்கள் பதினோரு பேர் வரிசையாக வீல்சேரில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஷட்டில்காரரைத் தள்ளிக்கொண்டு வந்த பையன் பல்லாவரத்துக்காரனாம். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "இன்னா சார் இது. இப்பத்தான் டாக்ஸிலருந்து குதிச்சு எறங்குனாரு, ரெண்டு பொட்டி வேற தூக்கினு வந்தாரு. உள்ள வந்ததும் கால் வரலைன்றாரு. அதோ அந்தம்மா குச்சி ஊன்டிகினு வர்றாங்க, அவுங்களுக்கு வண்டி இல்ல." அந்தம்மா என் மனைவி.

வழியில் விமானம் மாற வேண்டியிருந்தது. அந்த ஏர்போர்ட் முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போனது. பாதி தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. அங்கே இருந்த ஊழியரிடம் வீல்சேர் கேட்டேன். பதினோரு வண்டி ஒரே குழுவுக்குப் போய்விட்டது, அடுத்தது வர நேரமாகும் என்றார். ஓடிப்போய் ஷட்டில்காரரைப் பிடித்தேன். "பிரதர், கொஞ்சம் எறங்குங்க, டீச்சரால முடியல" என்றேன். அவர் காலை மடக்கிக்கூட வைக்கவில்லை. "என் பேர்ல புக் ஆயிருக்கே பிரதர். மாத்துனா அவங்களுக்குக் கணக்கு இடிக்கும்ல. டீச்சரை மெதுவா வரச் சொல்லுங்க, டைம் இருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வண்டியை அப்படியே சாய்த்திருப்பேன். சாய்க்கவில்லை, திரும்பி வந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஏதென்ஸில் இறங்கியபோது இடது முழங்கால் இளநீர்க்காய் கணக்காக வீங்கியிருந்தது.

மறுநாள் காலை மலையடிவாரத்தில் பஸ் நின்றது. முழங்காலில் பேண்டேஜ் சுற்றி, ஸ்கூல் ஆண்டு விழாவுக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். வழிகாட்டி அந்த ஊர்ப் பெண், நல்லவள். என் மனைவி நேராக அவளிடம் போய், சிரித்துக்கொண்டே இங்கிலீஷில், லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அந்தப் பெண் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். உங்கள் குழுவில் யாருக்கும் உதவி தேவையில்லை என்றுதானே இருக்கிறது என்றாள். லிஃப்ட் இருப்பது மலையின் மறுபக்கம், அதற்கு முன்னாலேயே சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும், நேற்றுச் சொல்லியிருந்தால்கூட முயற்சி செய்திருப்பேன், இப்போது இருபத்து மூன்று பேரை இந்த வாசலில் இந்த மணிக்கு உள்ளே விட்டாக வேண்டும் என்று வருத்தப்பட்டுச் சொன்னாள்.

என் மனைவி எங்கள் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தாள். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆபீஸ்ல மிஸ் பண்ணியிருப்பாங்க டீச்சர். இவங்க எப்பவுமே இப்படித்தான்" என்றார்.

நான் குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸையே மறுபடி கட்டினேன்.

பத்துப் பதினைந்து படி ஏறிப் பார்த்தாள். லட்சம் பேர் நடந்து நடந்து அந்தக் கல் வழவழவென்று கிடக்கிறது. கைத்தடி ஒரு தடவை வழுக்கியது. ஷட்டில்காரர் அவளைத் தாண்டி இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். அவள் திரும்பி இறங்கி, ஒரு ஆலிவ் மர நிழலில் கல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்காரப் போனேன். "நீங்க எதுக்கு உக்கார்றீங்க, போய்ட்டு வாங்க. எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. மூலையில குனிஞ்சு, படியோட ஓரமாப் பாருங்க. நடுவுல மேடா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. போட்டோல எல்லாம் அது சரியா வராது, உங்க கண்ணாலயே பாருங்க" என்றாள்.

போனேன். மேலே நல்ல காற்று. கூட்டம். அந்தக் கோயில் அவள் போர்டில் போட்டதைவிடப் பெரிதாக இருந்தது, அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்தது ஒரு வீல்சேரை. வேறு ஏதோ குழுவில் வந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவை, லிஃப்டிலிருந்து அப்போதுதான் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியில் மாம்பழக் கலர் சேலையோடு இவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அங்கேயே ஒருங்கிணைப்பாளரின் சட்டையைப் பிடித்தேன். நிஜமாகவே பிடித்தேன். அவர் அப்போது சபை பேனரை விரித்துக் குரூப் போட்டோவுக்கு எல்லாரையும் நிற்க வைத்துக்கொண்டிருந்தார், அங்கே பேனர் பிடிக்கக் கூடாதென்று காவலாளி ஒருத்தி விசில் ஊதிக்கொண்டிருந்தாள். "யோவ், நீதானய்யா இல்லன்னு போடச் சொன்ன" என்று கத்தினேன். "நான் சொன்னேன் பிரதர். எழுதுனது யாரு" என்றார். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். விசா, வீல்சேர், புளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் இழுத்து வைத்துத் திட்டினேன். இரண்டாயிரத்தைந்நூறு வருஷம் பழமையான கோயிலுக்கு முன்னால், இரண்டு தாம்பரத்துக் கிழவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஜப்பான்காரர்கள் படம் எடுத்தார்கள். விலக்கிவிட வந்த வழிகாட்டி, நேரம் முடிந்தது என்று கொடியைத் தூக்கினாள்.

பாதி மலை இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. படி. மூலை. குனிந்து பார்க்க வேண்டும். திரும்பி ஏறலாம் என்று நின்றேன். மேலிருந்து கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, எனக்கு மூச்சு வாங்கியது, கீழே பஸ் ஹாரன் அடித்தது. ஏறவில்லை. ஏறியிருக்கலாம். பஸ் விட்டுவிட்டா போயிருக்கும்?

அவள் பெஞ்சிலிருந்து எழுந்து, என்னைப் பார்த்தபடி நின்றாள். என் சட்டைப் பொத்தான் ஒன்று போயிருந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. "பாத்தீங்களா" என்றாள்.

"பாத்தேன். மேடாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப நான் பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுக்கல" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் கைத்தடியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்து மாதங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் முழங்கால் வலிக்கும்போதெல்லாம் அந்த டூர் ஆபீஸைத்தான் திட்டுகிறாள். ஃபார்ம் கட்டத்தில் போட்டதைப் படிக்கத் தெரியாதவர்களெல்லாம் என்ன ஆபீஸ் நடத்துகிறார்கள் என்கிறாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன், அவளைவிடச் சத்தமாக. ஒருங்கிணைப்பாளர் சபையில் என்னைப் பார்த்தால் முதல் ஆளாக வந்து கை கொடுக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது ஒரு ஒப்பந்தம் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கையைத் தட்டிவிட எனக்குத் தைரியம் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கரணையிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மனைவியிடம் படித்தவள், இப்போது அவளே ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறாள், அடுத்த பேட்ச்சில் போகிறாள். டிப்ஸ் கேட்டுத்தான் வந்தாள். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன், என் மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். ஷூ, தண்ணீர், வெயில் எல்லாம் அவளே சொன்னாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வகுப்பில் இப்படித்தான் உட்காருவாள் போலிருக்கிறது.

"படி நடுவுல மேடா இருக்கும்னு சொல்லுவேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டீச்சர். அப்படித்தான் சொல்றாங்க, நான் பாத்ததில்லன்னு சொல்லுவீங்க."

"இனிமே அப்படிச் சொல்ல வேண்டாம். உன் பிள்ளைங்களுக்கும் தைரியமாச் சொல்லு. சார் நேர்ல போய்க் குனிஞ்சு, தன் கண்ணால பாத்துட்டு வந்திருக்காரு."

அந்தப் பெண் நோட்டை எடுத்து என் பக்கம் திரும்பினாள். "எந்த மூலையில இருந்து பாத்தா நல்லாத் தெரியும் சார்?"

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வலது பக்க மூலையிலம்மா" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.